ஐந்து மில்லி ஓம்

மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டுகிறது. பௌ த்ரஸ்டரோ ஒரு முனகலோடு நின்றுவிடுகிறது. இங்கிலாந்துக் கால்வாய்களில் நாரோபோட் வைத்திருப்பவர் இந்தப் புகாரைத் தொடங்கினால், அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதை நாமே சொல்லிவிடலாம்: பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆகவே மோட்டார் போய்விட்டது. என் கட்சி வேறு. முதலில் சந்தேகிக்க வேண்டியது மோட்டாரையும் அல்ல, பேட்டரியையும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வழியை. அந்த வழியிலுள்ள பழுது மின்சாரம் பாயும்போதுதான் வெளிப்படும். பாயாதபோது அது இல்லாதது போலவே இருக்கும். ஆகையால் த்ரஸ்டரின் பொத்தானை அமுக்காமல் எடுத்த எந்த அளவையும் இந்த வழக்கில் சாட்சியாக ஏற்க முடியாது. 12.6 என்பது பொய்யில்லை. நாம் கேட்காத கேள்விக்கு வந்த சரியான பதில்.

கணக்கைப் பார்க்கலாம். 57 அடி நீளம், ஏழடிக்குச் சற்றே குறைந்த அகலம், உடல் முழுக்க எஃகு. பின்னோக்கி ஓட்டும்போது சுக்கானுக்குக் கட்டுப்படாது, பக்கக் காற்றுக்கு மட்டும் நன்றாகக் கட்டுப்படும். இப்படிப்பட்ட படகின் அணியத்தில் குறுக்காக ஒரு குழாயைப் பதித்து, அதற்குள் ஒரு சுழலியை வைத்து, மூக்கை இடமோ வலமோ தள்ளுகிறார்கள். இதுதான் பௌ த்ரஸ்டர். அதைச் சுழற்றும் 12 வோல்ட் மோட்டார் மூன்று நான்கு கிலோவாட் திறன் கொண்டது. 300 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அந்த அளவு மின்னோட்டத்தில் ‘சிறிது’ என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிடுகிறது. கேபிள் நுனியிலுள்ள லக்குக்கும் அதை இறுக்கும் நட்டுக்கும் இடையே ஈரத்தில் பச்சைக் களிம்பு பூத்து, ஐந்து மில்லி ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஓர் ஓமில் இருநூறில் ஒரு பங்கு. 300 ஆம்பியர் பாயும்போது அந்த ஓரிடத்திலேயே 1.5 வோல்ட் காணாமல் போகும். 450 வாட் வெப்பமாக மாறும். ஓர் இஸ்திரிப் பெட்டியின் பாதிச் சூடு, கட்டைவிரல் அகல இடத்தில். பேட்டரியும் சுமையில் தானாகவே பத்தரை வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். மோட்டாருக்கு மிஞ்சுவது 9 வோல்ட். அது முனகாமல் என்ன செய்யும்?

‘இணைப்புகளை எல்லாம் ஓம் மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று, பூஜ்யம்தான் காட்டுகிறது’ என்பது நான் எதிர்பார்க்கும் முதல் மறுப்பு. சாதாரண மல்டிமீட்டரின் மிகத் தாழ்ந்த தடை அளவீட்டில் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு 0.1 ஓம். நாம் தேடும் குற்றவாளி அதில் இருபதில் ஒரு பங்கு. இன்னொரு பக்கமாகவும் யோசித்துப் பார்க்கலாம்: 12 வோல்ட் பேட்டரியோடு 0.1 ஓம் தடையைத் தொடராகச் சேர்த்தால், அதற்கப்பால் எதை மாட்டினாலும் 120 ஆம்பியருக்கு மேல் பாயாது. மீட்டரின் கண்ணுக்கு முதன்முதலில் தென்படும் பழுதே இயந்திரத்தை முடமாக்கப் போதுமான பழுது. அதற்குக் கீழே உள்ள எல்லாமே மீட்டருக்குப் பூஜ்யம்தான்.

சுமை ஏறியதும் மாறிவிடும் சுற்றை அளக்கும் இந்தத் தொல்லையைக் கேயோர்க் சைமன் ஓமே அனுபவித்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கொலோனில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், கம்பியின் நீளத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவைத் தேடி 1825இல் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறானது. அவர் நம்பியது வோல்டா வகை மின்கலத்தை. கம்பியை இணைத்ததும் அதன் வலு தளரும், பிரித்தால் மீளும். அளக்கப்படும் பொருளோடு சேர்ந்து அளவுகோலும் ஆடியது. இயற்பியலாளர் போக்கன்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, மற்றோர் இயற்பியலாளரான சீபெக் 1821இல் கண்டிருந்த வெப்ப மின்னோட்டத்துக்கு மாறினார்: பிஸ்மத்தும் செம்பும் கூடும் ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். இரண்டு முனைகளின் வெப்பநிலையும் அசையாது. ஆகவே மின்னழுத்தமும் அசையாது. வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை மாட்டி, காந்த ஊசியின் திருப்பத்தை அளந்தார். 1826இல் கிடைத்த சூத்திரத்தின் அடியில் இருந்தது கம்பியின் நீளம் மட்டுமல்ல. அதோடு ஒரு மாறிலியையும் கூட்டியிருந்தார். சோதனைக் கம்பி தவிர்ந்த மீதிச் சுற்று முழுவதின் தடை அது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அந்த மாறிலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு விதியை மூன்றெழுத்தாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றன. அதனால்தான் மோட்டாரும் பேட்டரியும் மட்டுமே கண்ணில் படுகிற தலைமுறைகள் உருவாகின்றன என்று நான் சந்தேகிக்கிறேன். 1827இல் வந்த அவருடைய புத்தகத்துக்கும் சொந்த நாட்டில் வரவேற்பில்லை. லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் அளித்தது 1841இல்.

அந்த மாறிலியைப் படகில் தேட ஒரே வழிதான் உண்டு. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனை ஈயக் குமிழிலேயே ஊன்றுங்கள், அதன் மேலுள்ள கவ்வியில் அல்ல. மறுமுனை மோட்டாரின் நேர்முனையில் இருக்கட்டும். வேறொருவர் ஜாய்ஸ்டிக்கை இரண்டு விநாடி தள்ள, மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் தொலைந்த வோல்ட். ஒன்றுக்கு மேல் தொலைந்தால் பாதையைப் பாதியாக்கி மறுபடி பாருங்கள்: ஐசொலேட்டர் சுவிட்ச், ஃபியூஸின் இரு புறம், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சோலனாய்டின் தொடுமுனைகள். எதிர்முனைப் பாதையையும் அப்படியே சோதிக்க வேண்டும். திரும்பிவரும் மின்சாரத்துக்கும் செம்பு வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழுதான இயந்திரத்தைச் சுமையோடு ஓட்டுவது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த மோட்டார்கள் தொடர்ந்து சில நிமிடம் ஓடவே உருவானவை, இணைப்பும் சுடும், பேட்டரி அருகே ஹைட்ரஜன் இருக்கலாம். ஆனால் இரண்டு விநாடியில் எதுவும் கருகாது. படகைக் கரையேற்றிச் சோதிப்பதுதான் உண்மையில் வீண்: நீரில்லாத குழாயில் சுழலி சும்மா சுற்றும், மின்னோட்டம் குறையும், பழுதும் ஒளிந்துகொள்ளும்.

புது பேட்டரி போட்டதும் சரியாகிவிட்டதே என்பவர்களின் வாதம்தான் வலுவானது. அவர்கள் சொல்வது உண்மை, முடிவுதான் பிழை. புதிய பேட்டரியின் உள்தடை குறைவு, ஆகவே மொத்தத் தடை குறைகிறது. களிம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு பருவம் கழிய, பேட்டரி சற்றே மூப்படைந்ததும் முனகல் திரும்பும். மோட்டாரே கெட்டிருக்க வாய்ப்பில்லையா? இருக்கிறது. ஆனால் அதன் சாட்சியம் வேறு. மோட்டார் முனையில் முழு வோல்ட் வந்தும் அது தளர்ந்து சுற்றினால் கார்பன் பிரஷைப் பாருங்கள். சுழலியில் கொடி சிக்கியிருந்தால் மின்னோட்டம் ஏறும். கெட்ட இணைப்பிலோ அது இறங்கும். கிளாம்ப் மீட்டர் இருந்தால் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

முனகலோடு போனால் பரவாயில்லை. சோலனாய்டின் சுருளுக்கும் அதே கெட்ட இணைப்பைத் தாண்டித்தான் மின்சாரம் வருகிறது என்றால், மோட்டார் இழுத்ததும் வோல்ட் சரிந்து சோலனாய்டு விடும், விட்டதும் வோல்ட் ஏறிப் பிடிக்கும், படபடவென்று துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் தீப்பொறி. கடைசியில் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், ஜாய்ஸ்டிக்கை விட்ட பிறகும் த்ரஸ்டர் ஓடிக்கொண்டே இருக்கும். மெயின் சுவிட்சைத் தேடி ஓட வேண்டியதுதான். வோல்ட் குறைவதால் நிற்காத இயந்திரம் உருவாகிறது என்பதை நம்ப மறுப்பவர்கள் எலக்ட்ரீஷியன்களிலும் உண்டு.

கழியும் கயிறும் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் கால்வாய்ப் பழமைவாதிகள் இந்தப் பொத்தானைப் பெண்பிள்ளைகளுக்கானது என்று கிண்டல் செய்வதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அதே கால்வாய்களில், ஜோடிப் படகுகளில் சுமார் 50 டன் சரக்கை எந்தப் பொத்தானும் இல்லாமல் கொண்டுபோனவர்களில் பயிற்சி பெற்ற பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான எம்மா ஸ்மித் அதை 1948இல் ‘மெய்டன்ஸ் ட்ரிப்’ என்று புத்தகமாகவே எழுதினார். கிண்டலை விட்டுத்தள்ளலாம். கவனிக்க வேண்டிய மறுப்பு பொறியாளர்களுடையது: 24 வோல்ட்டுக்கு மாறினால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதி, அதே ஐந்து மில்லி ஓமில் இழப்பு முக்கால் வோல்ட், வெப்பம் கால் பங்கு. ஒப்புக்கொள்கிறேன். எட்டில் ஒரு பங்கு இழப்பு முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் களிம்பு ஐந்திலேயே நிற்கும் என்று யார் உறுதி சொன்னது? சூடாகி ஆறி, சூடாகி ஆறி நட்டு தளர, தடை ஏறிக்கொண்டே போகும். படகு கட்டுபவர்களிடம் நான் கேட்பது அதைவிட மலிவானது: ஒவ்வொரு இணைப்புக்கும் எதிரே நான்கு ஸ்க்ரூவில் கழலும் ஒரு மூடி, மீட்டர் முனை நுழையும் அளவுக்கு இடம். அந்த இடத்தில் வார்னிஷ் அடித்த ஓக் பலகையை ஒட்டிவிட்டு, போட்டோவுக்கு அழகாக இருக்கிறது என்கிறார்கள்.