காரணம் என்னும் கட்டம்

தமிழ் படித்தவர் என்று ஊரில் பெயர் வாங்கிவிட்டால், மனு எழுதித் தரும் கடமையும் கூடவே வந்து சேரும். காஞ்சிபுரத்தில் ஆசிரியப் பணியிலிருக்கும் நாமும் பல மனுக்கள் எழுதியிருக்கிறோம். சென்ற ஆண்டு எழுதிய ஒன்று மட்டும் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

கேட்டு வந்தவர் முன்னாள் படைவீரர் ஒருவரின் மனைவி. கணவர் இராணுவப் பணிமனையில் பதினேழு ஆண்டுகள் வண்டிகளுக்கு வண்ணம் தெளித்தவர். ஊர் திரும்பியபின் மாமனாரின் சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்தவர். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இறந்துபோனார். "நோய்க்குக் காரணம்னு கேட்டிருக்காங்களே, அங்க என்ன சார் எழுதறது? அவரு பீடியும் குடிப்பாரு, அதையும் எழுதிடணுமா?" என்றார் அந்த அம்மையார்.

மூன்றுமே காரணமாகலாம் என்பதுதான் சிக்கல். சாயத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுவதை 1895இலேயே ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரேன் எடுத்துரைத்தார். பென்சிடின் வகைச் சாயங்களை இந்தியா தடைசெய்தது 1993இல். வண்ணம் பூசும் தொழிலும் புகையும் அதே உறுப்பைத்தான் தாக்குகின்றன. நஞ்சு உட்புகுந்து நோயாய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் பணிமனையும் மாறிவிடும், பட்டறையும் மூடிவிடும்.

படைவீரர் உடம்பில் ஏறிய நஞ்சுக்குக் கணக்கு வைக்கும் வழக்கம் நம் மண்ணில் என்றுமே இருந்ததில்லை. 1930களில் தொடங்கி ராவல்பிண்டியில் பிரிட்டிஷ் அறிவியலாளர் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள்மீது கடுகு வாயுவைச் சோதித்தனர். 2007இல் செய்தித்தாள் வாயிலாக உலகறிந்த அந்த ஆவணங்களில் தீக்காயங்கள் உண்டு. சிப்பாய்களின் பிற்காலம் இல்லை. கடுகு வாயு புற்றுநோய் விளைவிப்பது என்பதோ இன்று ஐயத்துக்கு இடமற்றது.

அமெரிக்காவிலும் நீதி விரைந்து வந்துவிடவில்லை. வியட்நாமில் ஏஜெண்ட் ஆரஞ்சு தெளிப்பு 1971இல் நின்றது. அதனால் நேரக்கூடிய நோய்களின் பட்டியலில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சேர்ந்தது 2021இல். ஆயினும் அங்கே ஒரு நல்ல மரபு உருவாயிற்று. குறித்த காலத்தில் குறித்த இடத்தில் பணியாற்றியதைக் காட்டினால் போதும். பட்டியலிலுள்ள நோய்க்குக் காரணத்தை வீரர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 2022இன் சட்டம் அதனைப் பின்னாளைய போர்களில் குப்பை எரித்த புகையை நுகர்ந்தோருக்கும் விரித்தது.

இங்கே உச்ச நீதிமன்றம் 2013இல், சேரும்போது நலமாயிருந்து பின்னர் நோயால் பணிநீங்கிய வீரருக்குச் சாதகமாகவே கருத வேண்டும் என்றது. ஓய்வுக்குப் பின் தலைகாட்டும் நோய்க்கு அவ்வாசல் அத்தனை எளிதில் திறப்பதில்லை. காரைப்பேட்டையில், புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரிலேயே புற்றுநோய் மருத்துவமனை நிற்கும் ஊர் இது. சிகிச்சைக்கு இடமுண்டு, இன்ன வேலையால் வந்தது என்று சொல்லும் ஏடு எந்த வீட்டிலும் இல்லை.

அந்தக் கட்டத்தில் நாம் காரணம் எதையும் எழுதவில்லை. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த ஊரில், என்ன வேலை, முகக்கவசம் உண்டா இல்லையா என்று அம்மையார் சொல்லச் சொல்ல வரிசையாக எழுதினோம். பட்டறையையும் பீடியையும் மறைக்கவில்லை. மறைத்தால் மற்றவையும் பொய்யாகிவிடும். விடை இன்னும் வரவில்லை.

இவ்வாண்டு மாணவர்களிடம் ஒன்று கேட்டிருக்கிறோம்: உங்கள் தந்தையார், தாயார் பார்த்த வேலைகளை ஆண்டுவாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதலில் எழுதிக் கொண்டுவந்தவள் ஒரு சாயக்காரரின் மகள். நான்கு பக்கங்கள்.