ஆமைக்குட்டிக்கு ஒரு முழம் வெயில்

லீட்ஸ், இங்கிலாந்து



மார்கழி மாதத்தில் இந்த ஊரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. பகலில் எட்டிப் பார்க்கும் வெயிலுக்கும் சூடு கிடையாது. இங்கே ஓர் ஆமைக்குட்டியை வளர்ப்பதென்றால், முதலில் அதற்கு ஒரு சூரியனை ஏற்பாடு செய்ய வேண்டும். பிறகு மண், ஈரம், நிழல் என்று ஒவ்வொன்றாக நாமே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இந்த முறை மடல் அதைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் என் மகள் வளர்ப்பது ஹெர்மன் ஆமை. ஸ்பெயின், பிரான்சின் தென்பகுதி, இத்தாலி, பால்கன் நாடுகள் எனத் தெற்கு ஐரோப்பாவின் புதர்க்காடுகளில் வாழும் தரை ஆமை இது. முட்டையிலிருந்து வெளிவரும்போது உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். அதாவது, என் மகளுக்குத் தலை நரைக்கிற காலத்திலும் அது அவளோடு இருக்கும்.

ஆங்கிலேயருக்கு ஆமை மீதுள்ள பிரியம் பழையது. செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட், தன் அத்தை வளர்த்த திமோதி என்ற ஆமையை 1780இல் தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அது எப்போது மண்ணுக்குள் புதைந்துகொள்கிறது, மழை வந்தால் எப்படி ஒதுங்குகிறது என்றெல்லாம் பொறுமையாகக் குறித்துவைத்தார். திமோதி பெண் என்பது அது இறந்த பிறகுதான் தெரிந்தது. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பிரியமே பின்னாளில் ஆமைகளுக்கு வினையாகவும் ஆனது. இருபதாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து லட்சக்கணக்கான ஆமைகளைக் கப்பலில் அடுக்கிக் கொண்டுவந்து கடைகளில் மலிவாக விற்றார்கள். குளிரும் ஈரமும் தாங்காமல் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் செத்துப்போயின. 1984இல்தான் அந்த இறக்குமதி வணிகம் சட்டத்தால் நின்றது. இன்று ஹெர்மன் ஆமையை விற்பவர், அதற்கான அரசுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வாங்கப் போகிறவர்கள் ஆமையைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளைப் பார்ப்பது நல்லது.

இனி வீட்டுக்குள் அதற்கான இடம். கண்ணாடித் தொட்டி அழகாக இருக்கும். ஆனால் கண்ணாடி ஒரு தடுப்பு என்பது ஆமைக்குப் புரிவதில்லை. நாள் முழுக்க அதில் முட்டி முட்டி ஓரமாகவே நடக்கும். அதனால் பக்கங்கள் மறைக்கப்பட்ட மரப்பெட்டி நல்லது. குட்டிதானே என்று சிறிதாக எடுக்கக் கூடாது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க இடம் வேண்டும். நாங்கள் எடுத்தது 4 அடி நீளம், 2 அடி அகலம். இன்னும் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

சூடான முனையில் வெயில் காய ஒரு விளக்கு. அதன் நேர் கீழே 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மறுமுனை 20, 22 டிகிரியில் நிற்கலாம். ஆமைக்கு உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. இரண்டு முனைக்கும் நடுவே நடந்துதான் அது தன் சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் அந்த வழி அடைபட்டுப்போகும்.

காலையில் விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் குட்டி மண்ணைக் கிளறிக்கொண்டு மெல்ல வெளியே வரும். விளக்குக்குக் கீழே போட்டிருக்கும் தட்டையான கருங்கல் பலகைமேல் ஏறி, கழுத்தை நீட்டி, நான்கு கால்களையும் பரப்பிப் படுத்துவிடும். உடம்பு சூடேறிய பிறகுதான் இரையைத் தேடும்.

சூடு மட்டும் போதாது. வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும். அது இல்லாவிட்டால், தின்னும் சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேராது. ஓடு மெத்தென்று ஆகிவிடும், கால் எலும்புகள் வளையும். ஜன்னலோரம் வைத்தால் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடுவதில்லை. அதற்கென்றே விற்கும் குழல்விளக்கைத்தான், தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில் மாட்ட வேண்டும். வெளிச்சம் பளிச்சென்று இருக்கும்போதே கதிரின் வலு குறைந்துபோகும் என்பதால் குறித்த காலத்தில் விளக்கை மாற்ற வேண்டும். பகலில் சுமார் 12 மணி நேரம் எரிந்தால் போதும். இரவில் அதற்கு இருட்டு வேண்டும்.

தரைக்கு உரம் கலக்காத தோட்டத்து மண்ணும் தென்னை நார்த்தூளும். இந்த நார்த்தூள் இங்கே செல்லப்பிராணிக் கடைகளில் செங்கல் வடிவில் வருகிறது. பெரும்பாலும் இலங்கையிலிருந்தோ நம் ஊரிலிருந்தோ வந்ததாக இருக்கும். வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் பொங்கி வாளி நிறைந்துவிடும். குட்டி தன்னை முழுவதும் புதைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கலவையைப் பரப்ப வேண்டும். மேலே லேசாகக் காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்க வேண்டும்.

மத்தியதரை ஆமைக்கு வறண்ட இடம்தான் பிடிக்கும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். பெரிய ஆமைக்கு அது ஓரளவு பொருந்தும். குட்டிகளோ காட்டில் புதரடியிலும் சருகுக்குக் கீழும் ஒளிந்தே வளர்கின்றன. அங்கே எப்போதும் ஓர் ஈரப்பதம் இருக்கும். உலர்ந்த இடத்தில் வளரும் குட்டியின் ஓட்டில் ஒவ்வொரு சில்லும் தனித்தனி மேடாக எழும்பிவிடுகிறது. 2003இல் வியன்னாவில் ஆப்பிரிக்க ஆமைக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வில், இந்தக் குறைக்கு உணவிலுள்ள புரதத்தைவிடக் காற்றின் வறட்சியே பெரிய காரணம் என்று தெரிந்தது. எழும்பிய மேடு பிறகு அமுங்காது. ஆமையின் ஓடு நம் வளர்ப்பின் கணக்கு நோட்டு. முதல் சில ஆண்டுகளில் எழுதியதை அழிக்க முடியாது.

மற்றவை எளிமையானவை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, தாடை முங்காத அளவுக்குத் தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் அவ்வப்போது ஒரு குளியல். ஒளிந்துகொள்ள ஒரு மூலை. செங்குத்தான கற்கள் வேண்டாம். விளக்குக்குக் கீழே மல்லாந்து விழுந்து திரும்ப முடியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. துணைக்கு இன்னொரு ஆமையும் வேண்டாம். இவை தனித்து வாழும் பிராணிகள். இரண்டில் ஒன்று மற்றதை ஒடுக்கிவிடும். உணவுக்குப் பழம் தேவையில்லை. தோட்டத்தில் தானாக முளைக்கும் டேன்டிலையன், குளோவர் போன்ற களைகளே போதும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஒரு பெட்டிக்குள் கொஞ்சம் வெயிலையும் மண்ணையும் உண்டாக்க இவ்வளவு விளக்கும் வெப்பமானியும் கவனமும் தேவைப்படுகின்றன. அத்தனை செய்தும் அது காட்டுக்கு ஈடாவதில்லை. நம் நட்சத்திர ஆமைக்கோ தமிழகத்தின் முட்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இவை எல்லாம் சும்மா கிடைக்கின்றன. வெயில், புதர் நிழல், பருவமழையின் ஈரம் எதையும் யாரும் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. அந்த ஆமையைத்தான் கடத்தல்காரர்கள் சாக்கில் கட்டித் தூக்கிப் போகிறார்கள். ஆந்திர, கர்நாடக எல்லையில் ஒரே வட்டாரத்திலிருந்து ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடைத்த குட்டிகள் பிடிபடும் செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2019இல் பன்னாட்டு வணிகத்துக்கு முற்றிலும் தடை செய்யப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் நட்சத்திர ஆமை சேர்க்கப்பட்டது. இந்தியாவில் அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்றோ அதிர்ஷ்டம் வரும் என்று சொல்லி அதையே விற்கிறார்கள். வீட்டுக்கு என்ன ஆகும் என்பதைவிட ஆமைக்கு என்ன ஆகும் என்று கேட்பதுதான் நியாயம். யாராவது உங்களிடம் நட்சத்திர ஆமைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், பரிதாபப்பட்டுக்கூட வாங்கிவிடாதீர்கள். நீங்கள் கொடுக்கும் காசு, இன்னொன்றைப் பிடித்துவர அவர்களுக்குக் கிடைக்கும் கூலி. வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆமை வேண்டும் என்று கேட்டால், மழை பெய்து ஓய்ந்த நாளில் முட்காட்டோரம் கூட்டிப் போங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றாவது கண்ணில் படும். தூக்காமல் நின்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.



அன்புடன்,
உங்கள் மடலாசிரியர்