பெய்ஜிங்: வெயிலை அளந்து விட்ட தோட்டம்

காலை ஏழரை மணி. வடக்கு பெய்ஜிங்கின் தியான்தோங்யுவான் மெட்ரோ நிலையத்தில் ஏறுவதற்குத்தான் கூட்டம். 1999-ல் கட்டத் தொடங்கிய இந்தக் குடியிருப்புப் பகுதியில் இன்று சில லட்சம் பேர் வசிக்கிறார்கள். நம் ஊரில் இதை ஒரு நகரம் என்றே சொல்லிவிடுவோம்!

ஆனால் அடுக்குமாடிகளின் வாசலைத் தாண்டி உள்ளே போனால் வேறு காட்சி. மரநிழலில் தாத்தாக்கள் சீட்டாடுகிறார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, பஞ்சு மெத்தையைக் காயப் போடுகிறார் ஒரு பாட்டி. இத்தனை நெரிசலில் இவ்வளவு காலி இடம் எப்படி வந்தது?

காரணம், வெயில். சீனாவின் குடியிருப்பு விதிப்படி, பெய்ஜிங் போன்ற பெருநகரங்களில், ஜனவரி 20-ஐ ஒட்டி வரும் 'பெருங்குளிர்' நாளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அறையிலாவது 2 மணி நேரம் வெயில் விழ வேண்டும். கீழ்த்தள ஜன்னலை வைத்துத்தான் கணக்கு. அந்த நாளில் அங்கே 60 மீட்டர் கட்டடத்தின் நிழல், நண்பகலில்கூட 100 மீட்டரைத் தாண்டி நீளும். எனவே கட்டடம் உயர உயர, அடுத்த கட்டடம் தள்ளிப் போயாக வேண்டும். கூடவே, புதுக் குடியிருப்புகளில் 30 சதவீதம் பசுமை வேண்டும் என்று 1993-ம் ஆண்டு விதி சொன்னது. எல்லாக் கட்டடமும் தெற்கு பார்த்து, பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையில் நிற்பதும் இதனால்தான். பார்க்க அலுப்புதான், குளிர்காலத்தில் அங்கே வாழ்பவருக்கு அலுக்காது.

சிக்கல் சுற்றுச்சுவரில் இருக்கிறது. தோட்டம் உள்ளே, வெளியே நடப்பவருக்கு நீண்ட சுவரும் அகலமான சாலையும்தான். எதிர்த் தெருவுக்குப் போகக்கூட வளாகத்தைச் சுற்ற வேண்டும். 2016 பிப்ரவரியில், இனிப் புதிதாகச் சுவர் வைத்த குடியிருப்புகள் கூடாது, இருப்பவையும் படிப்படியாகத் திறக்கப்பட வேண்டும் என்று அரசு அறிவித்தது. மக்கள் கொதித்துவிட்டார்கள். "காசு கொடுத்து வாங்கிய தோட்டம் இது" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமும் உண்டு: வளாகத்துக்குள் இருக்கும் பசுமை வீட்டு உரிமையாளர்களின் பொதுச் சொத்து என்றது அப்போது நடைமுறையில் இருந்த 2007-ம் ஆண்டு சொத்துச் சட்டம்.

சுவர்கள் பெரும்பாலும் அப்படியேதான் நிற்கின்றன. சாப்பாடு முடிந்ததும் பெண்கள் ஒலிபெருக்கியுடன் வந்து, வரிசை கட்டி ஆடத் தொடங்குகிறார்கள். வாசலில் காவலாளி, அட்டை காட்டுபவருக்கு மட்டும் கதவைத் திறக்கிறார்.