கூட்டைப் பூட்டச் சொன்ன ஆச்சிக்கு

பக்கத்து வளவு ஆச்சிக்கு,

உங்களுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. இந்த மடலைப் பேரப்பிள்ளை யாராவது வாசித்துக் காட்டுவான். "வேலிக்கு மேலால் எட்டிச் சொல்லக்கூடியதை ஏன் பிள்ளை பேப்பரில எழுதுறாய்?" என்று கேட்பீர்கள். வேலிக்கு மேலால் சொன்னால் உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். நீங்கள் எனக்குச் சொல்லித் தந்ததோ யாழ்ப்பாணத்தின் இந்தத் தென்மராட்சியிலும் அதற்கு அப்பாலும் கோழி வளர்க்கிற எல்லா வீட்டுக்கும் கேட்கவேண்டியது.

அந்த விடியப்புறம் உங்களுக்கு நினைவிருக்கும். பதினொரு கோழி வைத்திருந்தேன். கூட்டடிக்குப் போனபோது ஏழு செத்துக் கிடந்தன, ஒன்றைக் காணவில்லை, மூன்று மாத்திரம் முருங்கையில் ஏறி ஒடுங்கியிருந்தன. முதல் நாள் இரவு பனங்கூடல் பக்கம் நரி ஊளையிட்டது எனக்கும் கேட்டது. குற்றவாளி யார் என்று முடிவு கட்ட அது போதுமாக இருந்தது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துப் போத்தலையும் செத்த கோழி ஒன்றையும் எடுத்துக்கொண்டு கோடிப்பக்கம் போனேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். உணவுச் சங்கிலியைக் கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன்! அந்தக் காலை அதெல்லாம் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

நீங்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து, போத்தலைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. கூட்டடியில் குந்தியிருந்து மண்ணைப் பார்த்தீர்கள். செத்துக் கிடந்த கோழிகளைப் புரட்டிப் பார்த்தீர்கள். பிறகுதான் கதைத்தீர்கள்.

"உது நரியின்ர வேலை இல்லைப் பிள்ளை. நாய் கடிச்சுப் போட்டிட்டுப் போகும். நரி தூக்கிக்கொண்டு போகும். ஏழு கோழியைக் கொன்றது நாய். காணாமல் போன அந்த ஒன்றைத்தான் பிறகு நரி பொறுக்கியிருக்கும். கூட்டுக்குக் கொளுக்கி போடாமல் நரிக்கு ஏன் நஞ்சு வைக்கிறாய்?"

அன்று நான் அந்த நஞ்சை வைத்திருந்தால் அது நரியோடு நின்றிருக்காது. காகம் கொத்தும், பருந்து தூக்கும், கீரி இழுக்கும், உங்கள் வீட்டு நாய் மோந்து பார்க்கும். மழை வந்தால் மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். எங்கள் குடாநாட்டில் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதற்குள்ளேதான் நாங்கள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்த ஒருவர் வேண்டியிருந்தது. அந்த ஒருவராக வந்ததற்கு முதல் நன்றி.

இரண்டாவது நன்றி, வந்ததோடு நிற்காமல் வேலை செய்ய வைத்ததற்கு. அன்று பின்னேரமே கூட்டைத் திருத்தத் தொடங்கினோம். கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, பல்லுள்ள பிராணியை வெளியே வைத்திருக்காது என்று சொல்லி, கீழ்ப்பக்கம் தடித்த கம்பிவலை அடிக்க வைத்தீர்கள். நரி தோண்டிக்கொண்டு உள்ளே போகிற சாதி. அதனால் வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கி, அதன்மேல் கல் பரவச் சொன்னீர்கள். கதவுக்குக் கயிறு கட்டியிருந்தேன். அதை அறுத்துவிட்டுக் கொளுக்கி போட்டோம். "மைமலுக்கு முன்னம் பூட்டு, வெளிச்ச பிறகு திற" என்பதுதான் உங்கள் சட்டம். நரி கூடுதலாக நடமாடுவது செக்கல் பொழுதிலும் விடியப்புறத்திலும் என்று என் பாடப்புத்தகத்திலும் இருந்தது. பூட்டவேண்டிய நேரமும் அதுதான் என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை.

பிறகு குசினிப் பக்கம் வந்தீர்கள். கிணற்றடியில் மீன் வெட்டி, செதிலையும் குடலையும் வாழையடியில் எறிகிற வழக்கம் எனக்கு. "உது நரிக்குக் கலியாணக் காட் குடுக்கிற மாதிரி" என்றீர்கள். குழி வெட்டி, கழிவைப் போட்டு, சாம்பலும் மண்ணும் மூட வைத்தீர்கள். நாய்க்கு வைக்கிற சோற்றுச் சட்டி இரவில் வெளியில் கிடக்கக்கூடாது. ஆவணியில் விழுகிற பனம்பழத்தையும் மாவடியில் விழுகிற கறுத்தக்கொழும்பானையும் பொழுதுபடுமுன் பொறுக்கவேண்டும். நரி இறைச்சி மட்டும் தின்னுகிற பிராணி அல்ல. எலி, ஓணான், நண்டு, வண்டு, பழம் எது அகப்பட்டாலும் அதற்குச் சாப்பாடு. வளவுக்குள் ஒன்றும் கிடைக்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டால் பாதையை மாற்றிக்கொள்ளும்.

வேலிக் கதையை விட்டால் யாழ்ப்பாணத்துக் கடிதம் ஆகாது. உங்களுக்கும் எங்கள் ஐயாவுக்கும் இடையில் கதியால் நகர்ந்த பிரச்சினையில் ஒரு காலம் வழக்கே நடந்தது என்று அம்மா சொல்வார். அந்த வேலியைத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து அடைத்தோம். கிளுவைக் கதியாலுக்கு நடுவே கீழ்ப்பக்கம் பனை மட்டையை நெருக்கமாகச் செருகிக் கட்டினோம். நாய்கள் புகுந்த பொட்டும் அந்த வேலியில்தான் என்று அப்போது கண்டோம். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1861இல் எழுதிய நூலில், நரிக்கொம்பு கையில் இருந்தால் வழக்கில் வெல்லலாம் என்று இங்குள்ள சனம் நம்பியதைப் பதிந்திருக்கிறார். வேலி வழக்குக்காக எத்தனை நரி கொம்பில்லாத தலையைக் கொடுத்ததோ! எங்கள் வழக்கைத் தீர்த்ததும் ஒருவிதத்தில் நரிதான். அதற்கு அது தலையைக் கொடுக்கவேண்டி வரவில்லை.

நரியைப் பற்றிக் கதைக்கும்போது உங்களிடம் பயமும் இல்லை, பாசாங்கும் இல்லை. என் பேத்தி பிறந்து நித்திரையில் சிரித்துச் சிணுங்கியபோது "நரி வெருட்டுது" என்று சொல்லி முதுகைத் தடவினீர்கள். வெயிலோடு மழை பெய்தால் நரிக்குக் கலியாணம் என்பீர்கள். சிங்களச் சனமும் அதையே சொல்லுகிறது. எதிர்பாராமல் நல்லது நடந்தால் நரி முகத்தில் முழித்தாயோ என்று கேட்பீர்கள். இத்தனை இடத்தில் எங்கள் பேச்சுக்குள் வந்து இருக்கிற பிராணியை வளவுக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கக்கூடாது என்று சொல்வது எப்படி? மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் நரியைப் பரியாக்கிய கதையைச் சொல்லிவிட்டு, "அவர் நரியைக் குதிரை ஆக்கினவர். நீ அதை நரியாய் இருக்க விட்டால் போதும்" என்றீர்களே, ஆச்சி, நான் படிப்பித்த ஒரு பாடமும் இவ்வளவு சுருக்கமாக முடிந்ததில்லை.

லண்டனில் இருக்கிற என் தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். அவளுடைய வீட்டுக் கோடியில், மரக் கொட்டிலுக்குக் கீழே, அங்கத்தைய செந்நரி குட்டி போட்டதாம். அது வேறு சாதி. எங்கள் நாட்டில் அந்த இனம் கிடையாது. இலங்கைக் காட்டில் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கிறது எங்கள் நரி ஒன்றுதான். ஆனால் அங்கே சொல்கிற புத்தியும் உங்கள் புத்தியும் ஒன்றாக இருக்கிறது. நஞ்சு வைப்பது அங்கே சட்டவிரோதம். குப்பையை மூடு, ஓட்டையை அடை, சாப்பாடு வைக்காதே என்கிறார்களாம். ஒரு நரியைக் கொன்றாலும் பிடித்து வேறிடத்தில் விட்டாலும் அந்த இடம் வெறுமையாக இருக்காது, இன்னொன்று வந்து பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். சாப்பாடு கிடைக்கிற இடத்தில் நரி இருக்கும். அதனால் திருத்தவேண்டியது வளவைத்தான்.

தங்கச்சி கேட்டாள்: "குட்டி போட்டால் என்ன செய்வீர்கள்?" மூன்று வருடத்துக்கு முன் உங்கள் வடலிப் பற்றைக்குள் அது நடந்தது. பக்கத்து இளைஞர்கள் பொல்லோடு வந்தார்கள். நீங்கள் படலையில் கதிரை போட்டு இருந்துவிட்டீர்கள். "இரண்டு மூன்று மாதம் பொறுங்கோ, தாய் தானாக் கூட்டிக்கொண்டு போகும்" என்றீர்கள். போனது. குழி வெறுமை என்று நிச்சயமான பிறகு மண் போட்டு மூடி, பற்றையைத் துப்புரவாக்கினோம். அவ்வளவுதான். குட்டியை யாரும் தூக்கி வளர்க்கவில்லை, படம் எடுக்க ஒருவரும் கிட்டப் போகவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் தகரப் பேணியில் தட்டு, கை தட்டு, அது விலத்திப் போக ஒரு பக்கம் திறந்து விடு, மூலைக்குள் மடக்காதே. இவ்வளவும் அந்த இளைஞர்களே இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள்.

ஆச்சி, நன்றி மடலில் ஒரு குறையையும் எழுதத்தான் வேண்டும். மாரி காலத்தில் "பாவம், அதுக்கும் வயிறு இருக்கு" என்று மீன் தலையை வேலிக்கு வெளியே வைத்தீர்கள். அதில் மாத்திரம் நான் உங்களோடு சண்டை பிடித்தேன், இன்றும் பிடிப்பேன். கையால் சாப்பாடு கண்ட நரிக்கு மனிசப் பயம் போய்விடும். பயம் போன நரிதான் கடைசியில் அடிபட்டுச் சாகும். இன்னொன்று, உங்கள் நாய்க்கு நெடுநாள் ஊசி போடாமல் இருந்தீர்கள். இலங்கையில் 1973இல் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுப் போட்டே அந்தத் தொகையை ஆண்டுக்குச் சில பத்துக்குக் குறைத்திருக்கிறார்கள். அந்த நோய் நரிக்கும் வரும். நாயிடமிருந்து நரிக்கும், நரியிடமிருந்து நாய்க்கும் தொற்றும். எது கடித்தாலும், கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தள்ளாடுகிற, வாயால் வீணி வடிக்கிற, பயமில்லாமல் ஆளைத் தேடி வருகிற நரியைக் கண்டால் கிட்டப் போகாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவேண்டும். பகலில் நரி நடந்தது என்பதற்காக மட்டும் அதற்கு விசர் என்று சொல்லிவிடவும் கூடாது. இதைச் சொன்னபோது நீங்கள் கோபிக்கவில்லை. அடுத்த கிழமையே நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு ஊசிக்கு வந்தீர்கள். எண்பது தாண்டிய பிறகும் ஒரு வழக்கத்தை மாற்றலாம் என்று காட்டியதற்கு மூன்றாவது நன்றி.

உங்களுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டு சாவகச்சேரிப் பக்கம் சண்டை வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினோம். சமாதான காலத்தில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. முற்றத்தில் ஆள் உயரத்துக்குப் பற்றை. மிதிவெடிப் பயத்தில் கோடிக்குக் கால் வைக்க முடியாது. அந்தப் பற்றைக்குள்ளால் ஒரு நரி வெளிக்கிட்டு, எங்களைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக நடந்து போனது. நீங்கள் அன்று சொன்னது: "நாங்கள் இல்லாத நேரம் இதுகள்தானே வளவில குடியிருந்ததுகள்." பிறகு முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றி நிலத்தைத் துப்புரவாக்கினார்கள். அது சனத்துக்கு வேண்டியதுதான். ஆனால் ஆள் போகாத அந்த நிலத்தில் இருந்தவைக்கும் ஒதுங்க இடம் வேண்டும். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் பொறுமை எல்லா இடத்திலும் இல்லை. 2018 ஆனியில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், ஆட்களைக் காயப்படுத்திய ஒரு சிறுத்தையைச் சனம் கூடி அடித்துக் கொன்றது. அந்தக் காட்சியை உலகமே கைப்பேசியில் பார்த்தது. பயத்தில் இருந்த சனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படலையிலும் கதிரை போட்டு இருக்க ஒருவர் கிடைத்திருந்தால் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். நரியைக் கொல்வதில் இன்னொரு நட்டமும் உண்டு. 2024 மார்கழியில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. நரி இருந்தால் அந்தக் காய்ச்சல் வந்திராது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரவில் எலி பிடிக்கிற ஒரு பிராணியை நாங்களே நஞ்சு வைத்துக் கொல்வது புத்தியல்ல.

இதை வாசிக்கிற அயலவர்களுக்கு ஒரு வார்த்தை. நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று பழமொழி இருக்கிறது. அது பிடுங்காமல் போவதற்கு நாங்கள் செய்யவேண்டியது ஒரு கொளுக்கி, ஒரு குழி, நாலு பனை மட்டை, நாய்க்கு ஓர் ஊசி. கோழி செத்தால் முதலில் மண்ணைப் பாருங்கள். போத்தலை எடுக்குமுன் பக்கத்து வளவில் ஓர் ஆச்சி இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஆச்சி, கோழி இப்போது பதினான்கு ஆகிவிட்டது. இரண்டு அடையில் இருக்கின்றன. நேற்றிரவும் பனங்கூடல் பக்கம் ஊளை கேட்டது. நான் எழும்பவில்லை. கூடு பூட்டித்தான் இருந்தது.


பக்கத்து வளவுப் பிள்ளை