பரங்கிமலைக் கல்லும் அப்பாவின் தறியும்

பரங்கிமலை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் படியேறிய களைப்பில் பீடத்தைக் கும்பிட்டுவிட்டுக் காற்று வாங்க வெளியே வந்துவிடுகிறார்கள். பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்திருக்கும் கற்சிலுவையைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும்.

1547-இல் போர்த்துக்கீசியர் அங்கே அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கல் அது. செதுக்கி அப்போதே பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. சிலுவைக்கு மேலே ஒரு புறா, அடியில் இலைக்கொடி, சுற்றிலும் வளைவாக ஒரு வரி எழுத்து. அந்த எழுத்து யாருக்கும் புரியவில்லை. பண்டிதர் ஒருவரை அழைத்துக் காட்டியதில், அவர் தோமையாரின் வரலாற்றையே அதில் 'படித்து'ச் சொன்னாராம்!

அது பழைய பாரசீகத்து பஹ்லவி எழுத்து என்று 1873-இல் எடுத்துச் சொன்னவர் பர்னல். சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர். கோட்டயம் வலியபள்ளியிலும் இதே வரியுள்ள சிலுவை உண்டு. அறிஞர்கள் பலவாறு படித்தாலும், பலர் ஏற்கும் வாசிப்பு இதுதான்: கல்லை வெட்டியவன் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, ஆண்டவரே இரங்கும் என்று வேண்டுகிறான். அவ்வளவே. அந்த வேண்டுதல் என்னவென்று தெரியாமலேயே ஜனங்கள் முந்நூறு வருஷம் அதன் முன் முழங்காலிட்டிருக்கிறார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, இதைக் கேட்டதும் ஓத்தன் நகரத்துப் பேராலயம் நினைவுக்கு வந்தது. 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வாசலுக்கு மேலே கிறிஸ்துவின் காலடியில் 'கிஸ்லெபெர்த்துஸ் இதைச் செய்தான்' என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. அது சிற்பியின் பெயர் என்றே பலரும் கொள்கிறார்கள். 1766-இல் அந்தச் சிற்பங்கள் பழசாகிவிட்டன என்று குருமார் சுண்ணாம்புக் காரை பூசி மூடினார்கள். அதனாலேயே பிரெஞ்சுப் புரட்சியில் உடைபடாமல் தப்பின. 1837-இல் காரையை உரித்தபோது பெயரும் வெளியே வந்தது.

எங்கள் அப்பா கண்ணமங்கலத்தில் ஆயுசு முழுக்கப் பட்டு நெய்தவர். அவர் நெய்த சேலைகள் ஆரணிப் பட்டு என்ற பெயரில் எங்கெங்கோ போயின. எந்த முந்தானையிலும் அவர் பெயர் கிடையாது. இப்போது தம்பி அந்தக் குழித்தறியை மூடித் தரை போடப் போகிறான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நியாயமில்லை. பேரனுக்கு அறை வேண்டும்.

"தரை போடும்போது ஒரு கல்லில் அப்பா பெயரை வெட்டிப் பதித்துவிடு" என்றேன்.

"யாருண்ணா அதைப் படிக்கப் போறாங்க?" என்றான்.

"யாராவது படிப்பாங்க. நீ வெட்டி வை" என்றேன். கல்லுக்குச் சொல்லியிருக்கிறான்.