அப்பாவும் ஆட்டோமேட்டிக் காரும்

மெக்கானிக்கல் படிக்கிறீங்களா? அப்போ இந்தக் கேள்வியிலேர்ந்து நீங்க தப்பிக்கவே முடியாது: 'நீ இன்ஜினீயர்தானே, இது ஏன்டா இப்படிக் குலுங்குது?'

அப்பாவுக்கு இடது முழங்கால் வலி. கிளட்ச் மிதிக்க முடியலைனு, சேமிப்பை எல்லாம் போட்டு ஆட்டோமேட்டிக் கார் எடுத்தார். முதல் வாரமே கத்திப்பாரா மேம்பாலத்துல ஏறும்போது வண்டி ஒரு செகண்ட் திணறி, 'டொக்'குனு குலுங்குச்சு. பின்னாடி ஒரே ஹாரன். சர்வீஸ் சென்டர்ல, "இது இப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். அப்பா சாவியை ஆணியில் மாட்டிட்டு மறுபடி பஸ் ஏற ஆரம்பிச்சார். "எனக்குத்தான் வயசாயிடுச்சு போல"னு சொன்னார் பாருங்க... சுருக்குனு இருந்துச்சு.

அன்னிக்குத்தான் புத்தகத்தை நிஜமாவே படிச்சேன். 2014-லிருந்து நம்ம ஊர் சின்ன கார்களில் வரும் ஏ.எம்.டி. அது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை விலக்குவதும் கியர் மாற்றுவதும் மட்டும் கம்ப்யூட்டர் வேலை. கியர் மாறும் நேரத்தில் இன்ஜின் பவர் சக்கரத்துக்குப் போகாது. அந்த இடைவெளிதான் திணறல். அப்போ ஆக்ஸிலரேட்டரை லேசா விட்டுப் பிடிச்சா, சமர்த்தா மாறும். ஏற்றத்துல மேனுவல் மோடு.

ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். நாலாவது ரவுண்டுல பாலத்துல குலுக்கலே இல்லை. "அதுக்கும் மூச்சு விட டைம் கொடுக்கணும்போல"னு சிரிச்சார்.

அப்படியும் உங்க வண்டி குலுங்குதா? விடாதீங்க, கிளட்ச் செட்டிங்கை கம்ப்யூட்டர்ல மறுபடி பதியச் சொல்லுங்க.

நேத்து அப்பா கேட்டார்: "ஃப்ரிட்ஜ் ஏன்டா சத்தம் போடுது?"