அஞ்சு-நாலு தெருவுக்கு வர்றீங்களா?

ஒரு தெருவுக்கு 'ஐந்து-நாலு' என்று பெயர் வெச்சா என்ன நினைப்பீங்க? கதவு நம்பரா? பஸ் ரூட்டா? பெய்ஜிங்கில் அப்படி ஒரு தெரு நிஜமாவே இருக்கு. பெயர் வூ ஸி தாஜியே. வூ என்றால் ஐந்து, ஸி என்றால் நாலு, தாஜியே என்றால் பெரிய தெரு. அஞ்சாம் மாசம் நாலாம் தேதி! ஒரு தேதியையே தூக்கித் தெருவுக்கு வெச்சிருக்காங்க. அந்தத் தேதிக்குச் சொந்தக்காரர்கள் மந்திரிகளோ ராஜாக்களோ இல்லை. உங்களை மாதிரி காலேஜ் பசங்க.

அரண்மனைக்கு வடகிழக்கே, தேசியக் கலைக்கூடம் இருக்கிற அதே தெருவில்தான் அந்தச் சிவப்புச் செங்கல் கட்டிடம் நிற்கிறது. நாலு மாடி. ஊரே 'ஹோங் லோ' என்கிறது; அப்படின்னா சிவப்புக் கட்டிடம். முதலில் ஹாஸ்டலுக்காகத் திட்டமிட்டு, 1918-ல் கட்டி முடித்தபோது பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் நூலகம், அலுவலகம், வகுப்பறை எல்லாம் இங்கே வந்துவிட்டன. தரைத்தளத்தில் நூலகர் லி தாசாவின் அறை. அவரிடம் மாசம் எட்டு யுவான் சம்பளத்துக்கு, செய்தித்தாள் படிக்க வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு ஒரு கிராமத்துப் பையன் உட்கார்ந்திருந்தான். பேராசிரியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவன் உச்சரிப்பைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. பெயர் மாவோ. அப்புறம் என்ன ஆனான் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போ இது மியூசியம். பழைய பெஞ்சுகள், கரும்பலகைகள், விளக்குகள். நீங்க போனா அவசரப்படாம பார்க்க வேண்டியது ஒரு பத்திரிகையின் பழைய இதழ்கள்: 'புதிய இளைஞன்'. 1915-ல் ஷாங்காயில் சென் துசியு என்பவர் 'இளைஞன்' என்று ஆரம்பித்தார், அடுத்த வருஷம் பெயரில் 'புதிய' சேர்ந்தது. பல்கலைக்கழகத் தலைவர் ட்சாய் யுவான்பெய் 1917-ல் சென்னைக் கலைத்துறைத் தலைவராக்கியதும், பத்திரிகையும் கூடவே பெய்ஜிங்குக்குக் குடிவந்தது. (சென் என்பது அவர் குடும்பப் பெயர். நம்ம சென்னைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!)

அந்தப் பத்திரிகை யாரைத் திட்டியது தெரியுமா? ஜப்பானையோ பிரிட்டனையோ அல்ல, முதலில் வீட்டைத்தான். அப்பா சொன்னால் வாயைத் திறக்கக் கூடாது, பெண்ணென்றால் பாதத்தைக் கட்டு, கன்ஃபூஷியஸ் சொன்னது வேதம் என்ற பழக்கங்களையெல்லாம் போட்டுத் தாளித்தது. இரண்டு புதிய விருந்தாளிகளைக் கூப்பிடுவோம் என்றார் சென். ஒருவர் திருவாளர் டெ, இன்னொருவர் திருவாளர் சை. டெமாக்ரஸியும் சயின்ஸும்தான்! ஹூ ஷி என்ற இளைஞர், செத்துப்போன பண்டித மொழியில் எழுதுவதை நிறுத்திட்டு மக்கள் பேசுகிற மாதிரி எழுதுவோம் என்று 1917-ல் கட்டுரை போட்டார். அதுவரை சீனாவில் படித்தவன் எழுதுவதென்றால், நீங்க சங்கத் தமிழில் லீவ் லெட்டர் எழுதுகிற மாதிரி. அடுத்த வருஷமே லூ சுன் என்ற புனைபெயரில் ஒருவர் அந்தப் பேச்சு மொழியில் ஒரு பைத்தியக்காரனின் டைரியைக் கதையாக எழுதினார். நவீன சீன இலக்கியத்தை அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள்.

சரி, மே 4-க்கு வருவோம்.

முதல் உலகப் போரில் சீனா நேச நாடுகள் பக்கம். சுமார் 1,40,000 கூலித் தொழிலாளர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பியிருந்தது. ஜெர்மனி தோற்றுவிட்டது, ஷான்டோங் மாகாணத்தில் அது பிடுங்கி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகம் திரும்பி வந்துவிடும் என்று நம்பினார்கள். ஆனால் பாரிஸில் கூடிய பெரிய மனுஷங்க, அதை ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். செய்தி வந்ததும் பல்கலைக்கழகத்தில் ராத்திரி கூட்டம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, 1919 மே 4. 13 கல்லூரிகளிலிருந்து சுமார் 3,000 பேர் தியானன்மென் முன்னால் திரண்டார்கள். காலையில் சிவப்புக் கட்டிடத்தில் வைத்து அறிக்கை எழுதியவர் லுவோ ஜியாலுன், வயது 21. ஊர்வலத்தை நடத்தியவர் ஃபூ சுநியான், வயது 23. உங்க ஃபைனல் இயர் சீனியர்களை நினைச்சுக்கங்க.

இப்போ நீங்களும் தெற்கே நடந்து அங்கே போகலாம். ஆனால் முன்பதிவு செய்யாமல், பாஸ்போர்ட் இல்லாமல் தியானன்மென் சதுக்கத்துக்குள் விட மாட்டார்கள். பாஸ்போர்ட்டை ரூமிலேயே வைத்துவிட்டுப் போய், வரிசையில் நின்று அசடு வழிந்து திரும்பியவன் சொல்றேன், கேட்டுக்கங்க! உள்ளே நடுவில் மக்கள் வீரர் நினைவுத்தூண் நிற்கிறது, 37.94 மீட்டர். அடியில் எட்டுப் புடைப்புச் சிற்பங்கள். அதில் ஒன்று மே 4 மாணவர்கள். ஸ்டூல் மேல் ஏறிப் பேசுகிற இளைஞன், துண்டுப் பிரசுரம் கொடுக்கிற பெண்கள். கல்லில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறார்கள்.

நிஜத்தில் அன்றைக்கு நடந்தது அவ்வளவு அழகில்லை. தூதரகப் பகுதிக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கத் தூதர் ஊரிலேயே இல்லை. வெயிலில் காத்திருந்து கடுப்பானவர்கள் கிழக்கே திரும்பினார்கள், ஜப்பானுடன் பேரம் பேசியவர் என்று ஊரே கரித்துக்கொட்டிய மந்திரி ட்சாவ் ரூலின் வீட்டுக்கு. ஜன்னல் வழியாக உள்ளே குதித்தார்கள். மந்திரி ஒளிந்துகொண்டார். அங்கே இருந்த இன்னொரு அதிகாரி மாட்டிக்கொண்டு செம அடி வாங்கினார். வீட்டுக்குத் தீ. 32 பேர் கைது. அந்த ஜாவ்ஜியாலோ சந்து, துங்தான் தாண்டி உள்ளே இருக்கிறது. வீடு எப்பவோ போய்விட்டது. சும்மா ஒரு நடை போய் வரலாம், அவ்வளவுதான்.

பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. ஜூனில் ஷாங்காயில் கடைக்காரர்களும் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள், மூன்று அதிகாரிகள் பதவி இழந்தார்கள், ஜூன் 28 அன்று வெர்சாய் ஒப்பந்தத்தில் சீனா கையெழுத்துப் போடவில்லை. பசங்க ஜெயிச்சுட்டாங்க!

ஆனால் அந்த மே மாதத்திலேயே ஒருத்தர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய லியாங் ஷுமிங், வயது 25. பத்திரிகையில் எழுதினார்: நாட்டுப்பற்றில் செய்தாலும் அடுத்தவன் வீட்டில் புகுந்து அடிப்பது குற்றம்தான், மாணவர்கள் கோர்ட்டுக்குப் போய் விசாரணையை ஏற்க வேண்டும், துரோகி என்று நாம் நினைக்கிறவனுக்கும் உரிமை உண்டு. யோசிச்சுப் பாருங்க. ஊரே கைதட்டிக்கொண்டிருக்கும்போது, தன் மாணவர்களைப் பார்த்து இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்! அந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் இவர்தான். சிலை எங்கே என்று தேடாதீங்க.

ஏன் இவரை இழுக்கிறேன் என்றால், 2012 செப்டம்பர். கிழக்குச் சீனக் கடலில் ஆளில்லாத சில தீவுகளை ஜப்பான் அரசு விலைக்கு வாங்க, சீன நகரங்களில் ஊர்வலங்கள் வெடித்தன. ஷியான் நகரில் ஒருத்தர் தன் டொயோட்டா காரில் மனைவி, மகனோடு வந்துகொண்டிருந்தார். கூட்டம் மறித்தது. 21 வயது தொழிலாளி ஒருவன் சைக்கிள் பூட்டால் அவர் மண்டையில் அடித்தான். கார்தான் ஜப்பான், ஆள் சீனர். உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்து போனது. அடித்தவனுக்குப் பத்து வருஷம் சிறை.

இந்தக் கோபக்கார இளைஞர்களுக்குச் சீனத்தில் ஒரு பெயர் இருக்கு: 'ஃபென்சிங்'. ஃபென் என்றால் ஆத்திரம். அதே உச்சரிப்பில் இன்னொரு எழுத்துக்குச் சாணம் என்று அர்த்தம். பிடிக்காதவர்கள் எழுத்தை மாற்றிப் போட்டுக் கலாய்ப்பார்கள்! ஆனால் இவர்களைப் படிக்காத கூட்டம் என்று நினைச்சா ஏமாந்து போவீங்க. 2008-ல் ஒலிம்பிக் சுடர் ஓட்டம் பாரிஸிலும் லண்டனிலும் மறிக்கப்பட்டபோது, மேற்கத்தியச் செய்தி நிறுவனங்களைத் திட்டி ஆறு நிமிஷ வீடியோ ஒன்றைப் பத்தே நாளில் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். செய்தவர் ஷாங்காய் ஃபூதான் பல்கலைக்கழகத்தில் மேற்கத்தியத் தத்துவம் ஆராய்ச்சி செய்தவர். கோபத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1999 மே மாதம் பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின் மேல் அமெரிக்க குண்டு விழுந்து மூன்று பத்திரிகையாளர்கள் செத்தார்கள். தவறுதலாக விழுந்தது என்றார்கள். பெய்ஜிங் மாணவர்களில் அதை நம்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆனா, அந்தக் கோபம் யார் மேல் திரும்புது பாருங்க. பாரிஸில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி சுடரைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றியவர் ஜின் ஜிங் என்ற வாள்வீச்சு வீராங்கனை. ஒரே நாளில் நாட்டுக்கே ஹீரோயின். அடுத்து, பிரெஞ்சுக் கடையான கார்ஃபூரைப் புறக்கணிப்போம் என்று கூட்டம் கிளம்ப, அங்கே வேலை பார்க்கிறவர்களும் சீனர்கள்தானே, கொஞ்சம் யோசிங்க என்றார். அவ்வளவுதான், துரோகி! கால் போனதோடு மூளையும் போச்சு என்று இணையத்தில் எழுதினார்கள். அதே ஏப்ரலில் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில், இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் நின்று பேசிப் பார்க்கலாம் என்று சொன்ன முதலாம் ஆண்டு சீன மாணவிக்கும் இதே கதிதான். பெற்றோர் விலாசத்தை இணையத்தில் போட்டார்கள், அவர்கள் வீட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அந்த வீடு இருந்த ஊர் எது தெரியுமா? சிங்தாவ். 1919-ல் எந்த ஊரை மீட்கப் பசங்க வீதிக்கு வந்தார்களோ, அதே சிங்தாவ்.

லி ஜெஹோ என்ற சிந்தனையாளர் 1986-ல் இதைப் பிடித்துவிட்டார். மே 4-க்கு இரண்டு குரல்: ஒன்று அறிவு விழிப்பு, இன்னொன்று நாட்டைக் காப்பாற்று. ஆபத்து மேல் ஆபத்து வந்ததால் இரண்டாவது குரல் முதலாவதை அமுக்கிவிட்டது என்றார். அதற்கு மூணு வருஷம் கழித்து, 1989 மே 4 அன்று, மாணவர்கள் அதே சதுக்கத்தில் புதிய மே 4 அறிக்கை வாசித்தார்கள். திருவாளர் டெ-யைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஜூன் 4 அன்று ராணுவ டாங்கிகள் வந்தன. இந்தக் கதைக்கு மட்டும் நினைவுத்தூணில் சிற்பம் கிடையாது. சதுக்கத்தில் நின்று இதைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவும் வேண்டாம், உங்களுக்கும் சிக்கல், அவங்களுக்கும் சிக்கல்.

அதுக்கப்புறம் 1990-களில் நாட்டுப்பற்றுக் கல்வி பள்ளிகளில் முழுவீச்சில் வந்தது. மே 4 இளைஞர் தினமாகவே தொடர்கிறது. 14 முதல் 28 வயது வரை அரை நாள் லீவு. 2019-ல் நூற்றாண்டு விழாவில் ஷி ஜின்பிங் பேசும்போது மே 4 உணர்வின் மையம் நாட்டுப்பற்று என்றார். டெ-யும் சை-யும் பட்டியலில் இருக்கிறார்கள், பின் வரிசையில்.

நேரம் இருந்தால் மெட்ரோ நாலாம் லைன் பிடித்துப் 'பெய்ஜிங் பல்கலைக்கழகக் கிழக்கு வாசல்' ஸ்டேஷனில் இறங்குங்க. 1952-லிருந்து பல்கலைக்கழகம் இங்கேதான். இதுக்கும் முன்பதிவு வேணும். ஏரி அழகு, ட்சாய் யுவான்பெய் சிலை உண்டு, விளையாட்டு மைதானத்துக்குக்கூட மே 4 என்றுதான் பெயர். ஆனால் நான் தேடியது முக்கோணத் திடல். 1980-களில் சுவரொட்டி ஒட்டி, கூடி நின்று சண்டை போட்டுப் பேசிய இடம். 2007-ல் அறிவிப்புப் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். இப்போ சும்மா ஒரு முனை, சைக்கிள்கள் போகும்.

அப்போ முதல் குரல் செத்தே போச்சா? 2022 நவம்பரில் கோவிட் ஊரடங்கைக் கண்டித்து மாணவர்கள் எதுவும் எழுதாத வெள்ளைத்தாளைத் தூக்கிப் பிடித்தார்கள். பெய்ஜிங் கூட்டத்தில் ஒருத்தர், இதில் அந்நியச் சக்தி இருக்கிறது என்று எச்சரிக்க, எந்த அந்நியர், மார்க்ஸா எங்கெல்ஸா என்று திருப்பிக் கேட்டார்கள். நக்கல் பாருங்க!

2023-ல் இன்னொண்ணு. ஜூனில் 16 முதல் 24 வயதுக்காரர்களின் வேலையின்மை 21.3 சதவீதம், ஆகஸ்டில் அந்தக் கணக்கை வெளியிடுவதையே கொஞ்ச காலம் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே, வேலை கிடைக்காத பட்டதாரிகள் தங்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள்: கோங் யிஜி. லூ சுன் 1919 ஏப்ரலில், அதாவது ஊர்வலத்துக்குச் சில வாரம் முன்னால், 'புதிய இளைஞன்' இதழில் எழுதிய குட்டிக்கதையின் நாயகன். பரீட்சையில் தேறாத படிப்பாளி. படித்தவன் என்று காட்ட நீள அங்கி, ஆனால் காசில்லாததால் கூலிக்காரர்களோடு நின்றுகொண்டே குடிப்பான். எங்க டிகிரிதான் எங்களால் கழற்ற முடியாத அங்கி என்றார்கள் பசங்க. அரசுத் தொலைக்காட்சி, அங்கியைக் கழற்றிவிட்டு வேலை பாருங்கள் என்று அறிவுரை சொல்ல, இணையம் கொந்தளித்தது.

ஸ்கூலில் மனப்பாடம் பண்ணின கதை, நூறு வருஷம் கழிச்சுக் கைக்கு வருது பாருங்க. ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கும், பதினைந்து நிமிஷத்தில் படிச்சுடலாம். கடைசியில் கோங் யிஜி கடைக்கு வருவது நின்றுபோகும். செத்தானா, இருக்கானா, யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. கடைப் பலகையில் மட்டும் அவன் பெயர் இருக்கும், பக்கத்தில் 19 காசு பாக்கி.